நன்னடத்தைப் பத்திரம்

இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்தில் நுரையைத் தடவியபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரேசர் அந்தரத்தில் நின்றது. பிடியில் பலம் எதுவும் இல்லை, லேசாக உதறினால் போதும். ஆனாலும் அவள் தோள் சட்டென்று பின்னால் போனது. நாற்பது வயதைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகும், அந்தக் கை தன் பக்கம் நீண்டால் உடம்பு தானாகப் பின்வாங்குவது மட்டும் நின்றபாடில்லை.

"அம்மா எங்க?" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவானது.

பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் அங்கிருந்து கேட்டது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவளைக் குனியச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

இதயம் பாதிக்குமேல் வேலைசெய்யவில்லை, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியிருந்தார்கள். உடம்பு வற்றிப்போனாலும் அறிவு மட்டும் தெளிவாகவே இருந்தது. தினமும் சவரம் செய்துகொள்ள வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவர் தாடியோடு இருந்ததில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அந்த வேலை மகள் தலையில் விழுந்தது. காலையில் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு, தான் வேலை செய்யும் கடைக்குப் போகும் வழியில் இரண்டு தெரு சுற்றி வந்து செய்துவிட்டுப் போவாள்.

"கோர்ட்டுக்குப் போய்ட்டு வா" என்றார் அப்பா.

அவளுக்குப் புரியவில்லை.

"எம்பேர்ல ஒரு பத்திரம் இருக்கு. நன்னடத்தைப் பத்திரம். அதை எடுத்துடச் சொல்லு." மூச்சு வாங்கினார். "நான் யார் மேலயும் கை வைக்கல. முப்பத்தஞ்சு வருஷமாச்சு. நீயே சாட்சி. போய்ச் சொல்லு."

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்?"

காரணத்தை விட்டு விட்டுச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் இறந்தால் நிலையத்திலிருந்து சீருடையோடு வந்து வரிசையாக நின்று சல்யூட் அடிப்பார்கள். கோர்ட்டில் பெயர் தொங்கிக்கொண்டிருப்பவனுக்கு அந்த மரியாதை கிடையாது என்று யாரோ எப்போதோ சொன்னது அவர் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. அது மட்டும்தானா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி நுரையும் பாதித் தோலுமாக இருந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"அம்மாக்குத் தெரிய வேணாம்" என்றார் கடைசியாக.

மீதிச் சவரத்தை முடித்து, துண்டை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, அவள் கிளம்பினாள்.

அந்தப் பத்திரம் வந்த நாளை அவள் மறக்கவில்லை. அப்போது எட்டு வயது. அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. கழுத்திலிருந்து ஒரு பழைய புடவைக் கிழிசலில் கையைத் தொங்கவிட்டிருந்தாள். அதற்கு முன்பும் அடி விழுந்ததுதான், ஆனால் அதெல்லாம் புடவைத் தலைப்புக்குள் மறைந்துபோகிற அடிகள். எலும்பு முறிந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் யாரோ எழுதி, போலீஸ்காரர் ஒருவர் வேண்டா வெறுப்பாக வீட்டு வாசலுக்கு வந்தார்.

கோர்ட் ஹாலில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நிலையத்து ஆட்கள் ஆறேழு பேர் சீருடையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் எண்ணெய் ஆலை எரிந்தபோது கூரை சரிகிற நேரத்தில் உள்ளே போய் இரண்டு பேரைத் தோளில் போட்டு வந்தவர் அப்பா. மாஜிஸ்திரேட்டுக்கும் அது தெரிந்திருந்தது. ஜலதோஷம் பிடித்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, ஊரைக் காப்பாற்றுகிற ஆள் வீட்டில் இப்படி நடந்துகொள்ளலாமா என்று அப்பாவிடம் வருத்தமாகக் கேட்டார். கோபம் வந்தால் கண் தெரியாது சார் என்றார் அப்பா. பின்வரிசையில் ஒருவர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, என்ன சொல்லி அவருக்குக் கோபம் வந்தது என்று கேட்டார் மாஜிஸ்திரேட். குழம்பு ஆறிப்போயிருந்தது என்றாள் அம்மா. யாரோ சிரித்தார்கள். உள்ளே அனுப்பினால் வேலை போய்விடும், சோற்றுக்கு என்னம்மா செய்வாய், தண்டனை அவருக்கா உனக்கா என்று அவர் கேட்டபோது அம்மா மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் அவர் பெஞ்சு ஓரத்தில் நின்றிருந்த சிறுமியைக் கூப்பிட்டார்.

"உனக்கு அப்பாவைப் பிடிக்குமா, பாப்பா?"

"பிடிக்கும்" என்றாள் அவள். உண்மையும் அதுதான். தோளில் உட்காரவைத்துத் தீயணைப்பு வண்டியின் மணியை அடிக்கவிடுகிற அப்பாவை யாருக்குத்தான் பிடிக்காது?

"கேட்டியாம்மா?" என்றார் மாஜிஸ்திரேட். சிறுமியிடம் அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

ஒரு வருடம் ஒழுங்காக நடந்துகொள்வதாக அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீறினால் சிறை, சிறைக்குப் போனால் வேலை போகும். அம்மாவும் கொஞ்சம் பார்த்துப் பேசவேண்டும் என்று ஒரு புத்திமதி. அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கண்டக்டர் பக்கத்தில் நிற்கும்போது, கை வலிக்கிறதா என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

அந்த ஒரு வருடம் அம்மா கொஞ்சம் சதை போட்டாள். வருடம் முடிந்த பிறகும் அடி விழவில்லை. பத்திரத்தைக் கோர்ட்டில் நீட்டித்துவிட்டார்கள், ஆயுசு முழுக்க, என்று வீட்டில் ஒரு பேச்சாக அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டு விஷயங்கள் தெரியவருகிறபடி, யாரும் சொல்லாமலே தெரியும். அப்பாவின் கை ஓங்கும். பாதி வழியில் நிற்கும். அப்படியே திரும்பிச் சுவரைக் குத்துவார், தட்டை வீசுவார், கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போவார். அம்மாவுக்கு 'கோர்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார். "கோர்ட்டு சமைச்சாச்சா?" என்பார். "கோர்ட்டு அனுமதி குடுத்தா நான் தூங்கப் போறேன்" என்பார். அடி நின்றுபோனதே தவிர, அந்த வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மியதுகூடக் கிடையாது.

அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடை கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. படிப்பதற்கு வேண்டிய பவர் என்ன, தூரத்துக்கு என்ன என்று பார்த்து லென்ஸ் பொருத்துகிற வேலை. பாதி வக்கீல்கள் அங்கேதான் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். எப்போதும் கண்ணாடியின் மேல் உட்கார்ந்து உடைத்துக்கொண்டு வருகிற ஒரு வக்கீலம்மா இருந்தார். சவரம் முடித்துக் கிளம்பியவள் அவரைத் தேடிக் கோர்ட் வளாகத்துக்குள் போனாள். கேன்டீனுக்கு வெளியே டீயும் கையுமாக நின்றிருந்தார். தன் பெயரைச் சொல்லாமல், தெரிந்தவர் ஒருவருக்காக என்று விஷயத்தைச் சொன்னாள்.

வக்கீலம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பேசினார். அந்தக் காலத்துக் கோர்ட்டுகளின் லட்சணமே அப்படித்தான் என்றார். கை ஒடிந்தால்தான் காயம், கன்னம் வீங்கினால் அது குடும்ப விஷயம். அடித்தவனைத் திட்டி, அடிவாங்கினவளுக்குப் புத்தி சொல்லி, இரண்டு பேரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம் என்று நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். ரொம்பப் போனால் ஒரு நன்னடத்தைப் பத்திரம். தன் சீனியரின் பெட்டியில் அப்படி எத்தனையோ கேஸ் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"ஆனா ஆயுசு முழுக்கன்னு ஒரு பத்திரம் கிடையவே கிடையாதும்மா. ஒரு வருஷம், மிஞ்சிப்போனா மூணு. அதோட அது செத்துப்போச்சு."

"நீட்டிச்சிருக்க மாட்டாங்களா?"

"அவன் மறுபடி ஏதாவது பண்ணாத்தான் மறுபடி கேஸ். ஒண்ணும் பண்ணாதவனை எதை வச்சுக் கட்டிப்போடறது? எந்த ஜட்ஜும் போட முடியாது." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வக்கீலம்மா சிரித்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவரை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அவளும் கூடவே சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புக் கோட்டுகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கின.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் சட்டம் படிக்க ஆசைப்பட்டாள். மதிப்பெண்ணும் இருந்தது. ஆச்சரியம்தான், படிக்கட்டும் என்று அப்பாவே சொன்னார். அம்மாதான் ஒரே பிடியாக நின்றாள். "கோர்ட்டுப் பக்கமே நீ போகக் கூடாது." ஏன் என்று கேட்டால் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், அழுது பார்த்தாள். எதற்கும் வளைகிற அம்மா அதற்கு மட்டும் வளையவில்லை. அந்தக் கோபம் அடங்க வருடக்கணக்கானது. முழுதாக அடங்கியது என்றும் சொல்லிவிட முடியாது. கடையில் நின்றுகொண்டு எதிரே கோர்ட் வாசலைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும், அம்மாவின் மேல் ஒரு சின்னக் கசப்பு நாக்கின் அடியில் ஊறும். தாயும் மகளும் மருந்து, காய்கறி, பிள்ளைகளின் காய்ச்சல் என்று பேசிக்கொள்வார்களே தவிர, மனசு விட்டுப் பேசிக் காலமாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கட்டிலில் இருந்து அப்பாவின் கண்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. இதோ வந்து சொல்றேன்ப்பா என்றுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அம்மா அவருக்காகக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், போதும்.

"கோர்ட்டுக்கு அனுப்பினாரா?"

அவள் தலையசைத்தாள்.

"நினைச்சேன். ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பேச்சை எடுத்தாரு." அம்மா கஞ்சியை இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள். "என்ன சொன்னாங்க அங்க?"

"அப்படி ஒரு பத்திரமே கிடையாதுன்னாங்க."

"கிடையாதுதான்" என்றாள் அம்மா.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பு மேடையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு அம்மா சொன்னாள். பேச்சு உள்ளே கேட்காதபடி தணிந்த குரல். அந்தக் குரலில்தான் அவள் வாழ்நாள் முழுக்கப் பேசியிருக்கிறாள்.

ஒரு வருடம் முடியப்போகிற சமயத்தில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒருநாள் அவர் பணிக்குப் போனதும் அம்மா தனியாகக் கோர்ட்டுக்குப் போய், பத்திரத்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டித்துத் தரும்படி கேட்டாள். அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் அடக்கமுடியாமல் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். ரேடியோ லைசென்ஸ் மாதிரி வருஷா வருஷம் புதுப்பிக்கிற சமாசாரமா இது, இப்போது அடித்தாரா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்புறம் என்ன, அடிக்கட்டும், வாங்க, பார்த்துக்கலாம் என்றார்.

"கெட்ட மனுஷன்னு சொல்ல முடியாது" என்றாள் அம்மா. "தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு அவர்தான் சொன்னாரு."

வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினாள். அப்பா அதற்குள் வந்துவிட்டிருந்தார். பின்கட்டில் உட்கார்ந்து மறுநாள் அணிவகுப்புக்காகப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்.

"'கோர்ட்டுக்கு'ன்னேன். 'நீட்டிச்சுட்டாங்க'ன்னேன். வழியெல்லாம் அதை யோசிச்சுக்கிட்டே வரல, அந்த நேரத்துல வாய்ல வந்துடுச்சு. 'எத்தனை நாளைக்கு?'ன்னாரு. அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. 'இனிமே எப்பவும்'னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாரா?"

"நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. நான் கண்ணை எடுக்கல. அப்புறம் குனிஞ்சு பாலிஷ் போட ஆரம்பிச்சாரு." அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பதான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. கோபம் வந்தா கண்ணு தெரியாதுன்னு கோர்ட்ல சொன்னாரே, அது பொய். கண்ணு நல்லாத் தெரியும். எப்ப அடிக்கலாம், எப்ப அடிக்கக் கூடாதுன்னு துல்லியமாத் தெரியும். அன்னைக்கு ராத்திரி அதை நினைச்சுத்தான் அழுதேன். கை ஒடிஞ்சப்பகூட அப்படி அழுததில்ல."

உள்ளே கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அப்புறம் சத்தமில்லை.

அந்தப் பொய்யைக் காப்பாற்றியது பொய் சொன்னதைவிடப் பெரிய பாடாகிவிட்டது என்றாள் அம்மா. அப்பா வெட்கத்தில் கோர்ட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அதுதான் அவளைக் காப்பாற்றியது. ஆனால் நிலையத்து நண்பர் ஒருவரின் மகன் வக்கீலானதும் அப்பா அவனை விருந்துக்குக் கூப்பிட்டிருந்த அன்று, அம்மா வேண்டுமென்றே குளியலறையில் வழுக்கி விழுந்து விருந்தை நிறுத்தினாள். எதிர்வீடு காலியாகி ஒரு நீதிமன்ற ஊழியர் குடிவந்தபோது, அவர்கள் வீடு மாற்றிப் போகிறவரை வருடம் முழுக்க அந்த வீட்டுக்காரியோடு வலியச் சண்டை பிடித்து, பேச்சுவார்த்தை இல்லாமல் பார்த்துக்கொண்டாள். யாரோடும் சண்டை போடத் தெரியாத அம்மா.

மகள் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அதுக்காகத்தான் என்னைப் படிக்க விடலையா?"

அம்மா கஞ்சியின் மேல் படிந்த ஏட்டைக் கரண்டியால் ஒதுக்கினாள்.

"முதல் வருஷத்துலயே நீ வீட்டுக்கு வந்து சொல்லியிருப்ப. 'இப்படியெல்லாம் சட்டமே கிடையாதே'ன்னு சாப்பிடும்போது சொல்லியிருப்ப. உனக்கு வாய் நிக்காது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா நீ அவரைப் பாக்கிற பார்வை மாறியிருக்கும். அவர் கண்டுபிடிச்சிருப்பாரு." பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னாள்: "உன் படிப்பை எடுத்துத்தான் நான் அதைக் காப்பாத்திக்கிட்டேன். அது எனக்குத் தெரியாம இல்ல."

அவள் அம்மாவின் வலது முழங்கைக்குக் கீழே எலும்பு கூடின இடத்தில் இருந்த சின்ன மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, கஞ்சியை அவளே ஆற்றினாள்.

அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். உள்ளுக்குள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் அப்படியே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தது. நீங்கள் பயந்த பத்திரம் என்றைக்கோ காற்றோடு போய்விட்டது, உங்களைக் கட்டிவைத்திருந்தது இந்தப் பொம்பளையின் ஒரு வார்த்தை என்று. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்கவேண்டும்போலக்கூட இருந்தது.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. "அந்தப் பத்திரத்தைப் போட்டது நான்தானே."

கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் விளிம்பில் உட்காரவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மகள் கஞ்சியோடு வாசற்படியில் நின்றாள்.

"முடிஞ்சுதுங்க" என்றாள் அம்மா. "பத்திரத்தை எடுத்துட்டாங்க."

அப்பா முதலில் மகளைத்தான் பார்த்தார், சொல்லிவிட்டாயா என்பதுபோல. அப்புறம் அம்மாவிடம், "எப்ப?" என்றார்.

"இன்னைக்குக் காலைல."

"யாரு ஜட்ஜு?"

"ஒரு பொம்பளை."

அப்பா அதை யோசித்தார். காலம் மாறிப்போயிற்று என்று நினைத்திருப்பார்போல. "என்ன சொன்னாங்க?"

அம்மா மடியில் இருந்த கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். "பத்திரம் போட்ட நாள்லேர்ந்து ஒழுங்கா இருந்தீங்கன்னு சொன்னாங்க. இனிமே உங்க மேல ஒண்ணும் இல்லன்னாங்க." அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அதுக்கு முன்னாடி நடந்ததைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அது..." என்று ஆரம்பித்தார் அப்பா. அம்மா காத்திருந்தாள். அவசரப்படுத்தவும் இல்லை, எடுத்துக்கொடுக்கவும் இல்லை. அவர் உதடுகள் இரண்டு தடவை அசைந்தன. பிறகு தண்ணீர் கேட்டார். அம்மா எழுந்து போய்க் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவர் நெற்றிச் சுருக்கம் தளர்ந்திருந்தது. இத்தனை நாளில் அப்படித் தளர்ந்து மகள் பார்த்ததில்லை.

அன்று கடைக்கு வரவில்லை என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். வெயில் சாயத் தொடங்கின வேளையில் அம்மா காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தாள். மகள் ஜன்னலோரம் இருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அம்மா எழுந்து புறங்கையை அவர் மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். கண்களை மூடிவிட்டாள். திரும்ப உட்கார்ந்து, மடியில் பாதி மடித்துக் கிடந்த அவருடைய சட்டையை என்ன செய்வது என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, அதையும் மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"உன் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணு" என்றாள். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாள். அது எங்கிருந்தோ ஆழத்திலிருந்து வந்து, வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை அடக்கம். தீயணைப்பு வண்டி மணி அடிக்காமல் தெருவுக்குள் வந்து நின்றது. சீருடையில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். கோர்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமே இல்லை என்று பிறகு தெரிந்தது. நிலைய அதிகாரி எண்ணெய் ஆலைத் தீயைப் பற்றிப் பேசினார். அன்று தோளில் வந்த இரண்டு பேரில் ஒருவர், இப்போது கிழவர், தடியூன்றி வந்து அப்பாவின் காலடியில் நின்று தேம்பி அழுதார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவும் உண்மைதான் என்பதுபோல மெல்லத் தலையாட்டினாள்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து ஒருநாள் ஆகப்போகிறது, அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அம்மாவின் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"தலை வலிக்குது" என்றாள் அம்மா. "அழுதா இன்னும் வலிக்கும்."

அத்தை வாயடைத்துப்போய் மகளைப் பார்த்தாள். மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவள் அழுகிறாள் என்று அத்தை நினைத்துக்கொண்டு ஆறுதலாக முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது நிஜமாகவே அழுகையாகிவிட்டது. தோளில் தூக்கி மணி அடிக்கவிட்ட மனிதரும் அந்தப் பெட்டியில்தான் படுத்திருந்தார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். சாப்பாடு வாங்கி வைத்திருந்தார்கள், உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகளின் வீட்டுக்காரர் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அம்மாவைக் காணோமே என்று அவள் தேடிக்கொண்டு போனபோது, அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

அம்மா தரையில் பாயில் படுத்திருந்தாள். அவள் எப்போதும் கதவைப் பார்த்துத்தான் படுப்பாள், காலடிச் சத்தம் கேட்டால் வருகிறவர் நிலைப்படியைத் தாண்டும் முன் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது கதவுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு கிடந்தாள். மகள் பக்கத்தில் போய் நின்றும் அசையவில்லை. லேசாகக் குறட்டை வந்தது.

வாசலில் யாரோ கேட்டைத் தட்டினார்கள். தெருக்கோடி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், துக்கம் கேட்க வந்திருந்தார்கள். அவள் போய்க் கேட்டைப் பாதி திறந்து, அதன் நடுவே நின்றுகொண்டாள்.

"அம்மா தூங்கறாங்க" என்றாள். "அப்புறமா வாங்க."